பட்டத்துக்கு முன் வந்த பதாகை

டெல்ஃபினா மக்பனுவா 1971ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பிறந்தாள். அண்டிகே மாகாணத்துத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு பதினொன்றாம் தேதி என்கிறது. நகராட்சிச் சான்றிதழோ பதினான்காம் தேதி என்கிறது. தந்தை பெனித்தோ மழை விட்ட பிறகே நகராட்சிக்குப் போனார் என்பதால் முன்னதுதான் சரியாக இருக்க வேண்டும். ஆனாலும் டெல்ஃபினா வாழ்நாள் முழுவதும் பதினான்கு என்றே எழுதிக் கையெழுத்திட்டாள். காகிதம் எந்தத் தேதியைச் சொல்கிறதோ அதுதான் பிறந்தநாள் என்பது அவளுடைய கட்சி. கேக்கை முன்கூட்டி வெட்டினால்கூட முகத்தைச் சுளிப்பாள்.

கல்வியியலில் இளங்கலை, 1992. அரசுப் பள்ளியில் பதின்மூன்று ஆண்டுகள். ஒரே வகுப்பில் அறுபத்து மூன்று பிள்ளைகள். இடையே சனிக்கிழமைகளில் இரண்டு பேருந்து மாறி இலோயிலோ நகரத்துக்குப் போய் ஆங்கிலத்தில் முதுகலை, 2003. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாட்டை விட்டுக் கடல் கடந்து, தாய்லாந்தின் வடகிழக்கில், மீகாங் ஆற்றங்கரை நகரம் ஒன்றின் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கச் சேர்ந்தாள். அங்கே ஆசிரியர்களை "ஆஜான்" என்று அழைப்பார்கள். அறுபத்து மூன்று பிள்ளைகளின் "டீச்சர்" ஆக இருந்தவள் "ஆஜான் ஃபீனா" ஆனாள்.

மறு ஆண்டு அன்செல்மோ வெர்செலெஸ் வந்தான். அவளுடைய நாட்டவன்தான், பங்கசினான் ஊர்க்காரன், அவளைவிட நான்கு வயது இளையவன், வாயாடி. ஆங்கிலத் துறையில் வெளிநாட்டாருக்கென இருந்த இடங்கள் இரண்டே இரண்டு. பதினொரு ஆண்டுகளாக அவ்விரண்டிலும் இவர்கள் இருவரே இருந்தார்கள். ஒரே மாடியில் அடுத்தடுத்த அறைகள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒரே மோட்டார் சைக்கிளில் போவார்கள். அவள் புளி போட்டு மீன் சாறு வைத்தால் பாதிச் சட்டி அவனுடையது. தங்கள் நாட்டு ஆசிரியர் வழக்கப்படி ஒருவரையொருவர் "சார்" என்றும் "மேடம்" என்றும்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை இருவருடைய ஒப்பந்தமும் செப்டம்பர் முப்பதில் முடியும், அக்டோபர் ஒன்றில் மறுபடி பிறக்கும்.

2013இல் அவள் முனைவர் படிப்பில் சேர்ந்தாள். விடுமுறை தோறும் இலோயிலோவுக்குப் பறந்துபோய் வகுப்பில் உட்கார்ந்தாள்.

"எதுக்கு மேடம் இந்தப் பாடு?" என்று அன்செல்மோ கேலி செய்வான். "நாம என்ன படிச்சாலும் இங்க நம்ம மூக்கைத்தான் பாப்பாங்க. டாக்டர் பட்டம் வாங்குனா வெள்ளைக்காரன் மூக்கு மாதிரி நீளமாயிடுமா?"

"மூக்கு நீளாட்டி போகட்டும் சார். எவனாவது வெளிய போன்னு சொன்னா எடுத்துக் காட்ட ஒரு காகிதம் வேணும்ல."

2016 ஜூனில் அந்த எவன் வந்துவிட்டான். புலத்தலைவி சுமாலி, தாய்லாந்து நாட்டவர், எப்போதும் சிரித்த முகத்தவர். அந்தச் சிரிப்போடேயே இருவரையும் அழைத்துச் சொன்னார். 2017 அக்டோபர் முதல் வெளிநாட்டாருக்கு இரண்டு இடம் கிடையாது, ஒன்றுதான். அதற்கு முனைவர் பட்டம் கட்டாயம். செப்டம்பர் முப்பதுக்குள் பட்டத்தைக் காட்ட வேண்டும்.

வெளியே வந்ததும் அன்செல்மோ கைகொடுத்தான். "வாழ்த்துகள் டாக்டரம்மா. நான் இப்பவே பெட்டி கட்டுறேன்."

"இன்னும் ஒரு வருஷம் இருக்கு சார். நீங்களும் சேருங்க."

"நாப்பத்தொரு வயசுல எனக்கு எதுக்கு மேடம்? சவப்பெட்டி மேல எழுதவா?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு மீன் சாறு வாங்க அவன் கிண்ணத்தோடு வருவது குறைந்தது.

டெல்ஃபினா அந்த ஓராண்டில் தூங்கிய நேரத்தைவிட ஆய்வேட்டோடு கழித்த நேரம் அதிகம். எழுத்துத் தேர்வுகள் முடிந்தன. 2017 மே இருபதாம் தேதி, சனிக்கிழமை, இலோயிலோவில் வாய்மொழித் தேர்வு. ஐந்து பேர் கொண்ட குழு இரண்டே முக்கால் மணி நேரம் அவளைக் குடைந்தது. முடிவில் எழுந்து நின்று கைதட்டினார்கள். தலைவர் அவளுடைய கையைப் பிடித்து, "வாழ்த்துகள், டாக்டர் மக்பனுவா" என்றார். பிறகு தீர்மானத்தாளைக் கொடுத்தார். அதில் எழுதியிருந்தது: தேர்ச்சி, திருத்தங்களுக்கு உட்பட்டு. நான்காம் அத்தியாயத்தை மாற்றி எழுத வேண்டும். கட்டு போட்ட ஐந்து பிரதிகளைத் தர வேண்டும். அதன் பிறகு பல்கலைக்கழக அவை கூடிப் பட்டத்தை வழங்கும். அவை ஆகஸ்டில் ஒருமுறை கூடும், மார்ச்சில் ஒருமுறை கூடும்.

ஆகஸ்ட் போதும். டெல்ஃபினா கணக்குப் போட்டுப் பார்த்தாள், நாள் இருந்தது.

ஆனால் அண்டிகேயில் யாரும் அவைக்காகக் காத்திருப்பதில்லை. வாய்மொழித் தேர்வில் கைதட்டல் விழுந்த நொடியே ஆள் டாக்டர். செவிலியர் தேர்வோ சட்டத் தேர்வோ முனைவர் தேர்வோ, எதில் தேறினாலும் மறுநாளே வீட்டு வாசலில் பதாகை தொங்க வேண்டும். தொங்காவிட்டால் பிள்ளை தோற்றுவிட்டதென்று தெரு பேசும். தங்கை லுத்கார்தா அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் டெல்ஃபினா பேருந்திலிருந்து இறங்கி வந்தபோது, இரண்டு தென்னைகளுக்கு நடுவே பத்தடி நீளத்தில் அவளே தொங்கிக்கொண்டிருந்தாள். முகம் அவளுடையது. தொப்பியும் அங்கியும் ஸ்டூடியோக்காரன் வேறு எவளுடைய படத்திலிருந்தோ வெட்டி ஒட்டியவை. "டாக்டர் டெல்ஃபினா பி. மக்பனுவா, ஆங்கில முனைவர், தாய்லாந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியை" என்று கொட்டை எழுத்து. வலது பக்கம், அவளைவிட ஒன்றரை மடங்கு பெரிய முகத்தோடு, பதாகைச் செலவை ஏற்றுக்கொண்ட நகராட்சி உறுப்பினர் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டிருந்தார்.

"இறக்கு இதை," என்றாள் டெல்ஃபினா. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏன்க்கா?"

"பட்டம் இன்னும் குடுக்கல. ஆகஸ்ட்லதான் குடுப்பாங்க."

"தேறிட்டியா இல்லையா?"

"தேறிட்டேன். ஆனா…"

"அப்புறம் என்ன ஆனா ஆவன்னா? இந்தத் தெருவுல ரெண்டு வருஷம் காலேஜுக்குப் போயிட்டு ஓடி வந்தவனுக்கே இன்ஜினீயர்னு போர்டு தொங்குது. நீ நாலு வருஷம் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணத்தைக்கூடக் கொறைச்சு அனுப்பிட்டுப் படிச்சே. என் பிள்ளைங்க பழைய செருப்போட பள்ளிக்கூடம் போனது இந்த டாக்டருக்காகத்தானே? ஒரு நாள் நான் நிமிந்து நடக்கக் கூடாதா?"

இந்த இடத்தில் ஒரு செய்தியைப் பதிவு செய்யாமல் விடுவது நேர்மையாகாது. டெல்ஃபினா பதாகையை இறக்கச் சொன்னாள் என்பது உண்மை. இரண்டாம் முறை சொல்லவில்லை என்பதும் உண்மை. மாலையில் அண்டை வீட்டார் பன்றி வறுவலுக்கு வந்து கூடியபோது, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு பதாகைக்குக் கீழே போய் நின்றாள். லுத்கார்தா படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டாள். இருநூற்றுப் பதினான்கு பேர் விரும்பினார்கள். வாழ்த்திய முதல் ஆள் அன்செல்மோ: "டாக்டரம்மா! விருந்து எப்போ?"

ஜூலை பதினேழாம் தேதி புலத்தலைவி அவளை அழைத்தார். அறையில் சுமாலியைத் தவிர இன்னும் இரண்டு பேராசிரியர்கள் இருந்தார்கள். குளிர்ந்த தேநீர் கொடுத்தார்கள். அவள் ஒரு மிடறு குடித்து முடிக்கும்வரை சுமாலி காத்திருந்தார்.

"ஆஜான் ஃபீனா, நீங்க டாக்டர் ஆயிட்டீங்களாமே. எங்ககிட்டச் சொல்லவே இல்லையே?"

"வாய்மொழித் தேர்வு முடிஞ்சிடுச்சு மேடம். பட்டம் ஆகஸ்ட் கடைசில வரும்."

"அப்போ இன்னிக்கு நீங்க டாக்டர் இல்ல."

"இன்னிக்கு இல்ல மேடம்."

சுமாலி மேசையிலிருந்து ஒரு தாளைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். தென்னைகள், பதாகை, கட்டைவிரல், உதட்டுச் சாயத்தோடு டெல்ஃபினா. கைபேசியில் தெரிந்ததை அப்படியே அச்செடுத்திருந்தார்கள்.

"இது மே இருபத்தொண்ணாம் தேதி," என்றார் சுமாலி. "இந்த நாட்டுல வாங்காத பட்டத்தைப் பேருக்கு முன்னாடி போடுறது எவ்வளவு பெரிய தப்புன்னு உங்களுக்குத் தெரியும். பன்னெண்டு வருஷமா இருக்கீங்க."

"அது என் தங்கச்சி வெச்சது மேடம். எங்க ஊர்ல அது வழக்கம். தேர்வு முடிஞ்சாலே…"

"உங்க தங்கச்சிக்கு முனைவர் பட்டம் குடுக்கிற அதிகாரம் இருக்கா?"

பக்கத்தில் இருந்த பேராசிரியர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இல்ல மேடம்."

"தங்கச்சி வெச்ச பதாகையில எங்க பல்கலைக்கழகத்தையும் எழுதியிருக்கு. பேராசிரியைன்னு வேற. நீங்க ஒப்பந்த விரிவுரையாளர். பாருங்க, ஒரு துணியில மூணு பொய்." சுமாலியின் சிரிப்பு மாறவே இல்லை. "நான் உங்களைத் திட்டல, ஆஜான். எங்களுக்கு உங்க மேல ரொம்ப மரியாதை. அதனாலதான் போலீசுக்கு எழுதாம இங்கயே பேசுறோம்."

டெல்ஃபினா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே, மறுமொழி எழுதும் வெற்றுக் கட்டத்துக்குப் பக்கத்தில், அதைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் முகம் சின்ன வட்டமாக இருந்தது. மிளகு அளவே இருந்தாலும் தெரிந்த முகம் தெரியாமல் போகாது. சென்ற ஆண்டு நீர்த் திருவிழாவில், தலையில் மாவு அப்பிக்கொண்டு, அவளே எடுத்துக் கொடுத்த படம். அன்செல்மோ அதைத்தான் தன் முகப்படமாக வைத்திருந்தான்.

தீர்ப்பு பத்து நாளில் வந்தது. ஒழுக்கக் காரணத்தால் டெல்ஃபினா அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதியற்றவள். ஆகஸ்ட் அவையில் அவளுடைய ஆய்வேடு வைக்கப்படவில்லை. நடந்த விசாரணையைப் பற்றி இலோயிலோவுக்குப் புலத்தலைவியின் அலுவலகத்திலிருந்தே ஒரு கடிதம் போயிருந்தது. விளக்கம் பெறும்வரை மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள்.

அப்படியானால் முனைவர் பட்டம் கட்டாயம் என்று அறிவித்த அந்த ஓர் இடம் யாருக்குப் போயிற்று?

சூசனா என்ற பெண்ணுக்கு. வயது இருபத்தாறு. ஸ்லோவாக்கியா நாட்டவள். விடுதி மேலாண்மையில் இரண்டாண்டுப் பட்டயம். ஆற்றங்கரையில் விடுமுறைக்கு வந்தவள், பணம் தீர்ந்து தங்கிவிட்டாள். அவளுடைய தாய்மொழி ஆங்கிலமன்று. நேர்காணலில் "நான் இங்கே இரண்டு மாதமாக இருக்கிறேன்" என்பதையே மூன்று விதமாகத் தப்பாகச் சொன்னாள். ஆனால் தலைமுடி வைக்கோல் நிறம், கண் நீலம். விதியின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: பல்கலைக்கழகத்தின் சர்வதேசத் தோற்றத்தை உயர்த்தக்கூடியவர்களுக்குக் குழு விலக்கு அளிக்கலாம். அந்த வரியை டெல்ஃபினாவும் படித்திருந்தாள், அன்செல்மோவும் படித்திருந்தான். தங்களைப் பற்றியதல்ல என்று இருவரும் புரட்டிவிட்டிருந்தார்கள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் சுமாலி மறுபடி அழைத்தார். இம்முறை தனியாக இருந்தார்.

"ஆஜான் சூசனாவுக்குப் பாடம் தயார் பண்ண ஆள் வேணும். பாட உதவியாளர்னு ஒரு இடம் போட்டிருக்கோம். வகுப்பு எடுக்க வேண்டாம். சம்பளம் பாதி. விசா கிடைக்கும்." அவர் தேநீர்க் கோப்பையைத் திருப்பி வைத்தார். "ஒருத்தருக்குத்தான் இடம். உங்க ரெண்டு பேர்ல யாரை வெக்கிறதுன்னு தெரியல. அன்செல்மோ மேல இதுவரைக்கும் புகார் எதுவும் இல்ல. உங்க மேல ஒண்ணு இருக்கு."

சுமாலி குரலைத் தாழ்த்தினார்.

"அவரோட முதுகலைப் பட்டம் சரியானதுதானே? உங்க நாட்டுக் காகிதமெல்லாம் எங்களுக்குப் புரியிறதில்ல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அது அவளுக்குத் தெரியும். அன்செல்மோவிடம் முதுகலைப் பட்டம் இல்லை. முதுகலைக்குரிய முப்பத்தாறு பாட அலகுகளையும் முடித்தவன், ஆய்வேடு எழுதாதவன். அவர்கள் நாட்டில் அப்படி ஆயிரக்கணக்கானோர் உண்டு. பல்கலைக்கழகம் அவர்களுக்கு "பாடங்கள் நிறைவுற்றன" என்றொரு சான்றிதழ் தரும். அதில் முத்திரை இருக்கும், தங்க நாடா இருக்கும். தன்குறிப்பில் அதை முதுகலை என்று எழுதுவதை அங்கே யாரும் பொய் என்று சொல்வதில்லை. 2006இல், வந்து இறங்கிய நான்காம் நாள், விண்ணப்பப் படிவத்தில் தாய்லாந்து எழுத்து புரியாமல் அன்செல்மோ விழித்தபோது அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தாள். "இதுல என்ன போடட்டும் சார்?" என்று கேட்டாள். "முதுகலைன்னே போடுங்க மேடம், அடுத்த வருஷம் முடிச்சிடுவேன்" என்றான். முதுகலை என்ற கட்டத்தில் விழுந்த டிக் அவளுடைய கையால் போட்டது.

"அந்தச் சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லுங்க மேடம்," என்றாள் டெல்ஃபினா.

கோப்பு வந்தது. அவள் விரலை வைத்து மூன்றாம் வரியைக் காட்டினாள். பாடங்கள் நிறைவுற்றன என்பதற்கு என்ன பொருள், பட்டம் என்ற சொல் எங்கே இல்லை, எந்தக் கையெழுத்து இருந்திருக்க வேண்டும் என்று நிதானமாக, வகுப்பில் விளக்குவதுபோல, எடுத்துச் சொன்னாள். படிவத்தை யார் நிரப்பியது என்று சுமாலி கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"நன்றி, ஆஜான் ஃபீனா," என்றார் சுமாலி. பிறகு சிரித்துக்கொண்டே, "இனிமே உங்களை ஆஜான்னு கூப்பிட முடியாது இல்லையா? பழக்கம் விட மாட்டேங்குது."

அன்செல்மோவுக்கு ஏழு நாள் கொடுத்தார்கள். அவன் புறப்பட்டது செப்டம்பர் பதினாறாம் தேதி காலை. அவளுடைய அறைக்கதவைத் தட்டியபோது அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே வரவில்லை.

"பதினோரு வருஷம், மேடம்."

"ஆமா சார்."

"அந்த டிக்கைப் போட்டது நீங்க."

"போடச் சொன்னது நீங்க."

"எனக்கு மூணு பிள்ளைங்க. உங்களுக்கு யாரு இருக்கா?"

"அந்தப் படத்தை அச்செடுத்தப்போ இதை யோசிச்சீங்களா?"

அவன் கதவு நிலையில் சாய்ந்தான். "ஒரே இடம்தான் மேடம். நீங்க விலகுனா எனக்குக் குடுப்பாங்கன்னு நெனச்சேன். பட்டம் இல்லாட்டியும் வேற ஆள் இல்லன்னு விதியைத் தளர்த்துவாங்கன்னு நெனச்சேன்."

"தளர்த்துனாங்களே."

அவன் சிரித்துவிட்டான். பதினோரு ஆண்டுகளாகச் சிரித்த அதே சிரிப்பு. பிறகு, "நாளைக்கு அந்த வைக்கோல் தலைக்கு நீங்க செருப்பு எடுத்துக் குடுப்பீங்க பாருங்க, அதை நெனச்சுத்தான் எனக்கு வழியெல்லாம் தூக்கம் வரும்," என்று சொல்லிப் பெட்டியை உருட்டிக்கொண்டு படியிறங்கினான்.

அவள் தேய்த்து முடித்த சட்டையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

முனைவர் பட்டம் 2018 மார்ச் இருபத்திரண்டாம் தேதி முறைப்படி வழங்கப்பட்டது. விளக்கக் கடிதம், லுத்கார்தாவின் வாக்குமூலம், திருத்திய நான்காம் அத்தியாயம் எல்லாம் சேர்ந்து அவையை நிறைவு செய்தன. டெல்ஃபினா நேரில் போகவில்லை. பாட உதவியாளருக்குப் பருவத்தின் நடுவில் விடுப்பு கிடையாது. சான்றிதழின் பிரதியைப் புலத்தலைவியின் அலுவலகத்தில் கொடுத்தாள். எழுத்தர் வாங்கி, எந்தக் கோப்பில் வைப்பது என்று கேட்டாள். பாட உதவியாளர் பதவிக்கான படிவத்தில் கல்வித் தகுதி என்ற கட்டமே இல்லை.

அடுத்த பருவத்தின் முதல் வகுப்பு, ஜூன் மாதம். தலைப்பு, கல்வி சார்ந்த ஆங்கில எழுத்து. டெல்ஃபினா தன் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்திலிருந்து எடுத்து அமைத்த பாடம் அது. படங்களைத் திரையில் மாற்றும் வேலைக்காக அவள் கடைசி வரிசையில் கணினியோடு உட்கார்ந்திருந்தாள். முன்னால் நின்று சூசனா திரையில் இருந்ததை அப்படியே வாசித்தாள். மாணவர்கள் கைபேசியில் அவளைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு மாணவி கையை உயர்த்தினாள். "ஆஜான், பிறர் கருத்தை நாம எடுத்து எழுதினா, அது யாருடையதுன்னு எந்த இடத்துல சொல்லணும்? முன்னாடியா, பின்னாடியா?"

சூசனா திரையைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். பிறகு கடைசி வரிசையைப் பார்த்து, "ஃபீனா, இதுக்கு என்ன?" என்றாள்.

டெல்ஃபினா எழுந்து நின்று இரண்டு வாக்கியங்களில் பதில் சொன்னாள். திரும்பிப் பார்த்த மாணவி, அவள் பேசி முடித்ததும் முன்னால் திரும்பி, கைகூப்பித் தலை தாழ்த்திச் சூசனாவை வணங்கினாள்.

"நன்றி, ஆஜான்."

"பரவாயில்ல," என்றாள் சூசனா. "அடுத்தது."

டெல்ஃபினா உட்கார்ந்து அடுத்த படத்தைத் திரையில் போட்டாள்.